மார்மன் ஆலயங்களும் கட்டடச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை ஊரறிய மார்மன் சபை என்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தச் சபை, உலகெங்கும் ஆலயங்களைக் கட்டியும் பழையவற்றைப் புதுப்பித்தும் வருகிறது. அந்தச் செலவின் மீது வரும் விமர்சனங்களில் சில ஆவணத்தில் நிற்பவை, சில ஊகம், சில வேறு ஏதோ வழக்கை இதில் கொண்டுவந்து ஒட்டியவை. மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பக்கம். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்; ஆங்கிலச் செய்திகளில் வரும் 1 பில்லியன் என்பது நம் கணக்கில் 100 கோடி.

ஞாயிறு ஆராதனை நடக்கும் இடமும் ஆலயமும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் மேலே எதுவும் புரியாது. ஞாயிறு ஆராதனை நடப்பது கூடுகைக் கட்டடத்தில். அங்கே யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆலயம் ஞாயிறன்று மூடியிருக்கும். உள்ளே நடப்பவை சடங்குகள்: இறந்தவர்களின் சார்பில் உயிரோடிருப்பவர் பெறும் ஞானஸ்நானம், எண்டோமென்ட் எனப்படும் உடன்படிக்கைச் சடங்கு, கணவன் மனைவி பிள்ளைகளை நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரித்தல். 'ஆலயப் பரிந்துரை' என்ற சீட்டு வைத்திருக்கும் உறுப்பினர் மட்டுமே நுழையலாம். பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் மட்டும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து காட்டுவார்கள்.

செலவுப் புகார் பெரும்பாலும் ஆலயத்தைத்தான் சுற்றுகிறது. கூடுகைக் கட்டடங்கள் சிக்கனமானவை. ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அங்கே கூலிக்கு இருந்த துப்புரவாளர்களையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டு, உறுப்பினர்களே முறைவைத்துக் கூட்டித் துடைக்கும்படி செய்தார்கள். சனிக்கிழமை காலையில் கழிவறை கழுவிவிட்டு வரும் உறுப்பினருக்கு ஆலயத்தின் சரவிளக்கு உறுத்துவதில் வியப்பில்லை.

மொத்தம் எத்தனை ஆலயங்கள்?

ரசல் எம். நெல்சன் 2018 ஜனவரியில் சபைத் தலைவரானபோது இயங்கியவை 159. 2025 செப்டம்பர் 27 அன்று 101 வயதில் இறப்பதற்குள் அவர் மட்டும் 200 புதிய ஆலயங்களை அறிவித்திருந்தார். இயங்குபவை, கட்டப்படுபவை, அறிவிப்போடு நிற்பவை எல்லாம் சேர்த்து அப்போது 382. இதில் பாதிக்குச் சற்று மேல்தான் கதவு திறந்தவை. யூட்டா மாநிலத்துக்கு மட்டும் சுமார் 30.

வேகம் நெல்சனோடு தொடங்கவில்லை. அன்றைய தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி 1997-இல் சிறிய ஆலயங்கள் என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, 2000-ஆம் ஆண்டு முடிவதற்குள் 100 என்று இலக்கு வைத்தார்; 102-இல் முடிந்தது. அந்த அவசரத்தின் விலை பிறகு தெரிந்தது. ராலே (1999), மெம்பிஸ், ஓக்லஹோமா சிட்டி, பேட்டன் ரூஜ் (மூன்றும் 2000) ஆகிய நான்கையும் இருபது ஆண்டு ஆவதற்குள் அடியோடு மாற்றி 2019-இல் மறுபிரதிஷ்டை செய்ய வேண்டிவந்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜில் 1999-இல் கட்டிய சிற்றாலயத்துக்குப் பதிலாகப் பெரிய ஆலயமே எழுப்புகிறார்கள். புதுப்பிப்புச் செலவைக் குறை சொல்பவர்கள் சால்ட் லேக்கையே பிடித்துக்கொள்கிறார்கள்; திட்டமிடல் கோளாறுக்கு உதாரணம் வேண்டுமென்றால் இந்தச் சிற்றாலயங்கள்தான் சரி.

பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே கட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அடிப்படை தசமபாகம்: உறுப்பினர் வருமானத்தில் பத்தில் ஒன்று. 1838 ஜூலையில் மிசூரியின் ஃபார் வெஸ்டில் சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடு என்று சபை கொள்ளும், அதன் வேதநூலில் உள்ள இரண்டு பகுதிகள்தான் இன்றும் சட்டம். ஒன்று பத்தில் ஒன்றைக் கேட்கிறது. அடுத்தது அதைச் செலவழிக்கும் குழுவை நிறுவுகிறது. அந்தக் குழுவில் இப்போது பிரதான தலைமையின் மூவர் (தலைவரும் இரு ஆலோசகரும்), பன்னிரண்டு அப்போஸ்தலர், சபைச் சொத்துகளை நிர்வகிக்கும் தலைமை ஆயத்துவத்தின் மூவர் என 18 ஆண்கள். உறுப்பினர் வாக்கோ, வரவுசெலவு விவாதமோ கிடையாது. ஏப்ரல் மாநாட்டில் தணிக்கைத் துறை சார்பில் ஓர் அறிக்கை வாசிக்கப்படும்: நிதி சபையின் விதிமுறைப்படி கையாளப்பட்டது என்பது அதன் சாரம். அதில் ஒரு தொகைகூட இருக்காது.

ஒரு காலத்தில் உள்ளூர்க் கட்டடத்துக்கு உள்ளூர் உறுப்பினர் தனியாகப் பங்கு தர வேண்டியிருந்தது. அந்தச் சுமை 1990-க்குள் நீங்கிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் பில்லைப் பார்க்கும் உரிமையும் அதோடு போனது.

ஒரு ஆலயத்துக்கு எவ்வளவு ஆகிறது?

சபை சொல்வதில்லை. பழைய ஆலயங்களுக்குச் சில தொகைகள் உண்டு: 1974-இல் மேரிலாந்தில் பிரதிஷ்டையான வாஷிங்டன் டி.சி. ஆலயத்துக்கு 1.5 கோடி என்பது அக்காலச் செய்திகளில் வந்தது. 2024 மார்ச்சில் ஒஹையோவின் கர்ட்லண்ட் ஆலயத்தையும் (1836, சபையின் முதல் ஆலயம்) இல்லினாய் மாநிலத்தின் நாவூவில் உள்ள சில வரலாற்றுக் கட்டடங்களையும் கையெழுத்துப் படிகளையும் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட் என்ற கிளைச் சபையிடமிருந்து வாங்கியபோது 19.25 கோடி என்று தொகையோடு அறிவிப்பு வந்தது. அது கட்டுமானச் செலவு அல்ல, வாங்கிய விலை.

விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பொருள்பொருளாகச் சொல்லலாம். வெளிச்சுவருக்குக் கல் போர்வை. ஒவ்வோர் ஊருக்கும் தனியாக வரைந்த வண்ணக் கண்ணாடி. கையால் முடித்த மரவேலை. பன்னிரண்டு காளைகளின் முதுகில் அமர்ந்த ஞானஸ்நானத் தொட்டி. அது தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ வருவதால் தண்ணீர்ச் சுத்திகரிப்பும் ஈரக்காற்றை வெளியேற்றும் அமைப்பும் தனியாக வேண்டும். எல்லோரும் வெள்ளை உடை அணிவதால் உடைமாற்றும் அறைகளும் சலவைக்கூடமும். பிறகு தோட்டம், நீரூற்று, இரவு முழுக்க எரியும் வெளிச்ச விளக்குகள், வாகன நிறுத்தம். சடங்கு நடக்கும் அறைகளின் பரப்பு மொத்தத்தில் ஒரு பகுதிதான்.

செலவைக் குறைக்கும் முயற்சியும் இருக்கிறது. மொன்டானாவின் ஹெலனா ஆலயம் (2023) அலபாமாவில் தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, லாரியில் கொண்டுபோய்ப் பூட்டியது. சுமார் 10,000 சதுர அடி. சால்ட் லேக் ஆலயம் 2,53,000 சதுர அடி. இரண்டையும் ஒரே "ஆலயம்" என்று எண்ணிச் சராசரி போடுவதால்தான் இணையத்தில் உலாவும் "மொத்தச் செலவு" கணக்குகள் எல்லாம் தவறுகின்றன.

வரவுசெலவை ஒரு காலத்தில் வெளியிட்டார்களாமே? ஏன் நிறுத்தினார்கள்?

வெளியிட்டார்கள். கடைசியாக வந்தது 1959-ஆம் ஆண்டுக்கான விவரம். நிறுத்தியதற்கான பின்னணி கட்டடம்தான் என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. பிரதான தலைமையில் இருந்த ஹென்றி டி. மோய்ல், உறுப்பினர் எண்ணிக்கை பெருகும் என்று நம்பி, வருவதற்கு முன்பே கட்டடங்களைக் கட்டிவைக்கும் திட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனார். சபை வரவுக்கு மீறிச் செலவழித்தது. 1962-இல் பற்றாக்குறை 3.2 கோடி டாலர் என்று வரலாற்றாசிரியர் டி. மைக்கேல் குயின் கணக்கிட்டார். 1963-இல் நிதிப் பொறுப்புக்கு வந்த என். எல்டன் டேனர் கட்டுமானத்தை இறுக்கி, சேமிப்பை வளர்க்கத் தொடங்கினார். கடன் தீர்ந்தது, சேமிப்பு குவிந்தது, கணக்கு மட்டும் திரும்ப வரவில்லை.

பற்றாக்குறை இருந்தபோது மறைத்தது சங்கடம் என்று புரிகிறது. உபரி இருக்கும்போதும் மறைப்பதைத்தான் இன்றைய விமர்சகர்கள் கேட்கிறார்கள். எங்கள் பார்வையில் ஆலயச் செலவு பற்றிய எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான்: தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாம் கேள்வி.

அந்த 10,000 கோடி டாலர் நிதி எது?

என்சைன் பீக் அட்வைசர்ஸ் என்ற சபையின் முதலீட்டு அமைப்பு. அங்கே வேலை பார்த்த டேவிட் நீல்சன் 2019-இல் அமெரிக்க வருமானவரித் துறையிடம் கொடுத்த புகார் வெளியானபோதுதான் 10,000 கோடி என்ற அளவு உலகுக்குத் தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 700 கோடி தசமபாகம் வருகிறது, 600 கோடி செலவாகிறது, மீதி சேமிப்புக்குப் போகிறது என்பது அவர் தரப்புக் கணக்கு.

2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசி அபராதம் விதித்தது: என்சைன் பீக்குக்கு 40 லட்சம், சபைக்கு 10 லட்சம். குற்றம் பணம் வைத்திருந்தது அல்ல. முதலீட்டின் அளவு தெரியாமல் இருக்க 13 பெயரளவு நிறுவனங்களைத் தொடங்கி, அவற்றின் பெயரில் அறிக்கை தாக்கல் செய்தது. 2018 வாக்கில் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 3,200 கோடி. தவறுகளுக்கு வருந்துவதாகவும் விஷயம் முடிந்துவிட்டதாகவும் சபை சொன்னது. ரகசியம் ஏன் என்று முன்பு கேட்டபோது, பணம் இவ்வளவு இருப்பது தெரிந்தால் காணிக்கை தேவையில்லை என்று உறுப்பினர் நினைக்கக்கூடும் என்ற பொருளில் என்சைன் பீக்கின் தலைவர் ரோஜர் கிளார்க் 2020-இல் ஒரு நாளிதழிடம் பேசியிருந்தார். விமர்சகர்கள் இதைவிட வலுவான சாட்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆலயத்துக்குப் போடும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே?

அதிகம் கேட்கும் வாதம். அப்படியே வைத்தால் பலவீனமான வாதமும்கூட. ஆலயமா அன்னதானமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி இந்தச் சபைக்கு இல்லை. இரண்டையும் செய்துவிட்டு மிச்சமும் வைக்கிறது. ஆகவே நேரான கேள்வி ஆலயத்தை நோக்கி அல்ல, சேமிப்பை நோக்கிப் போக வேண்டும்.

உதவிச் செலவாகச் சபை சொல்லும் தொகை கூடியிருக்கிறது: 2021-இல் 90.6 கோடி, 2022-இல் 102 கோடி, 2023-இல் 136 கோடி, 2024-இல் 145 கோடி. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இதில் வெளியாருக்குத் தரும் நிவாரணம் மட்டுமல்ல, சபையின் ஏழை உறுப்பினருக்குப் போகும் உபவாசக் காணிக்கை உதவியும் அடங்கும். அந்தக் காணிக்கை தசமபாகத்துக்கு மேல் உறுப்பினர் தனியாகத் தருவது. எந்தப் பை எவ்வளவு என்ற பிரிப்பு வருவதில்லை. எனவே "சபை தன் கையிலிருந்து 145 கோடி கொடுத்தது" என்பதும் தவறு, "ஒன்றும் கொடுப்பதில்லை" என்பதும் தவறு.

ஏழை நாடுகளில் தசமபாகம் கேட்பது தனி விவகாரம். 2018 ஏப்ரலில் நைரோபியில் பேசிய நெல்சன், தலைமுறை தலைமுறையாக வரும் வறுமையை உடைக்க தசமபாகம் வழி என்றார். கட்டடத்தைவிட இந்தப் பேச்சுதான் பலரை முகம் சுளிக்க வைத்தது.

வேதத்திலிருந்து இரு பக்கமும் மேற்கோள் காட்டுகிறார்களே?

ஆதரவாளர்கள் யோவான் 12-ஐ எடுப்பார்கள்: விலையேறப்பெற்ற தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். கேட்பவரை யூதாஸ் வரிசையில் நிறுத்தும் இந்தப் பதில் வாயை அடைக்கும், சந்தேகத்தைத் தீர்க்காது.

விமர்சகர்களின் கையில் இருப்பது சபையின் சொந்த மார்மன் புஸ்தகம். மார்மன் 8:37, ஏழைகளைவிடப் பணத்தையும் சபைகளின் அலங்காரத்தையும் நேசிப்பவர்களைக் கண்டிக்கிறது. 2 நேபி 28:13, அழகிய பரிசுத்தஸ்தலங்களுக்காக ஏழைகளைக் கொள்ளையிடுவோரைச் சாடுகிறது. ஆல்மா 32 இன்னும் கூர்மையானது: தங்கள் கையால் கட்டிய ஜெபாலயத்திலிருந்தே, உடை சரியில்லை என்று ஏழைகள் விரட்டப்படுகிறார்கள். உள்ளே இருந்துகொண்டே கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் அதிகம் சுட்டுவது இந்த மூன்றையும்தான்.

காசு கட்டினால்தான் ஆலயத்துக்குள் நுழைய முடியுமா?

வாசலில் கட்டணம் கிடையாது. ஆனால் பரிந்துரைச் சீட்டுக்கு முதலில் உள்ளூர் ஆயரும் அடுத்து ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த தொகுதி) தலைவரும் நேர்காணல் செய்வார்கள். முழுத் தசமபாகம் செலுத்துகிறீர்களா என்பது அதில் கட்டாயக் கேள்வி. சீட்டு இரண்டு ஆண்டுக்குச் செல்லும். பத்தில் ஒன்று நிகர வருமானத்திலா மொத்தத்திலா என்று சபை சொல்வதில்லை, உறுப்பினர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. ஆகச் "சந்தா" என்று கேலி செய்வது மிகை, "தொடர்பே இல்லை" என்பது பொய்.

இதன் வலி திருமணத்தில் தெரியும். சீட்டு இல்லாத பெற்றோர் பிள்ளையின் ஆலயத் திருமணத்தைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில், முதலில் வெளியே பதிவுத் திருமணம் செய்தால் ஆலயத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 2019 மே மாதத்தில்தான் நீங்கியது.

சால்ட் லேக் ஆலயப் புதுப்பிப்பில் அப்படி என்ன நடந்தது?

1853-இல் தொடங்கி 1893 ஏப்ரல் 6 அன்று பிரதிஷ்டையான கட்டடம். நாற்பது ஆண்டு வேலை. லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கிலிருந்து மாட்டுவண்டியிலும் பிறகு ரயிலிலும் கல் வந்தது. 2019 டிசம்பர் 29 அன்று புதுப்பிப்புக்காக மூடினார்கள். நான்கு ஆண்டு என்று சொன்னது நீண்டுகொண்டே போய், பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பது 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று முடிவானது.

வேலையின் நடுவம் நிலநடுக்கப் பாதுகாப்பு. வாசாட்ச் பிளவு நகரின் ஓரமாகவே ஓடுகிறது. மூடி மூன்று மாதம் ஆவதற்குள், 2020 மார்ச் 18 அன்று 5.7 அளவில் அதிர்ந்தது. கோபுர உச்சியில் இருந்த மரோனி தூதன் சிலையின் கையிலிருந்த எக்காளம் விழுந்தது. செலவு வீண் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

முறை இது: பழைய கல் அடித்தளத்தைச் சுற்றியும் அடியிலும் தோண்டி, அடியில் எஃகுக் குழாய்களைக் குறுக்கே செருகிக் கான்கிரீட் நிரப்பி, புதிய அடித்தளம் அமைத்து, 98 அதிர்வுத் தனிப்பான்களின் மேல் மொத்தக் கட்டடத்தையும் உட்கார வைப்பது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது தனிப்பான் அந்த அசைவை வாங்கிக்கொள்ளும், மேலே கல் கட்டடம் மெதுவாகவே நகரும். அதோடு சுவர்களையும் கோபுரங்களையும் மேலிருந்து துளையிட்டு எஃகு வடங்களால் அடித்தளத்தோடு இறுக்குகிறார்கள். கலவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் கற்சுவர் இழுவிசையைத் தாங்காது என்பதே காரணம். தோண்டிய பிறகுதான் 19-ஆம் நூற்றாண்டு அடித்தளம் நினைத்ததைவிட மோசம் என்று தெரிந்தது. தாமதத்துக்கும் செலவுக்கும் பெரும் காரணம் இது. பழங்கட்டடப் புதுப்பிப்பில் எங்கும் நடப்பதுதான்: உள்ளே திறந்து பார்க்கும் வரை எந்த மதிப்பீடும் உத்தேசமே.

இந்தப் பகுதியை நியாயமாகக் குறை சொல்வது கடினம். குறை உள்ளே இருக்கிறது. முதலில் பழைய அறைகளும் ஓவியங்களும் காக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 2021 மார்ச்சில் சபை மாற்றிச் சொன்னது: யூட்டாவில் முதலில் குடியேறிய முன்னோடிகள் காலச் சுவரோவியங்கள் நீங்கும், நடிகர்கள் நேரில் நடத்தும் சடங்கு முறை போய்ப் படக்காட்சி வரும், அறைகளின் அமைப்பு மாறும். முத்திரித்தல் அறைகள் 13-லிருந்து 22 ஆகும், இரண்டாவது ஞானஸ்நானக் கூடம் வரும். ஓவியங்கள் பலமுறை திருத்தி எழுதப்பட்டவை, சுவர் வேலையில் அவற்றைக் காப்பது முடியாது என்பது சபையின் விளக்கம். நிலநடுக்கம் ஓவியத்தை எடுக்கச் சொல்லவில்லை, கூட்டத்தை அதிகம் ஏற்றும் ஆசைதான் சொன்னது என்பது கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்களின் பதில். இதில் நாங்கள் அவர்கள் பக்கம்.

எதிர்ப்பால் எதுவும் மாறியதா?

ஒரு முறை மாறியது, அதுவும் பளிச்சென்று. யூட்டாவின் மேன்டை ஆலயத்தில் (1888) மினர்வா டைக்கர்ட் 1947-இல் வரைந்த சுவரோவியத்தையும் எடுக்கப்போவதாக அதே 2021 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. உறுப்பினர்களும் கலை வரலாற்றாளர்களும் கொதித்தார்கள். மே 1 அன்று சபை பின்வாங்கியது: மேன்டை அப்படியே காக்கப்படும், கூடுதல் இடத்துக்குப் பக்கத்து ஊரான எஃப்ரயிமில் புதிய ஆலயம். மேன்டை 2024 ஏப்ரலில் மறுபிரதிஷ்டை ஆனது.

சில மைல் இடைவெளியில் இரண்டு ஆலயம். ஓவியத்தைக் காப்பாற்றியவர்களும் செலவைக் கண்டித்தவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ப்ரோவோ ஆலயத்தை ஏன் இடித்தார்கள்?

யூட்டாவின் ப்ரோவோ நகரில் 1972-இல் திறந்தது, மிக அதிகக் கூட்டம் வந்த ஆலயங்களில் ஒன்று. அதே ஆண்டு அதே வடிவில் எழுந்த ஆக்டன் ஆலயத்தின் வெளித்தோற்றத்தை முழுதாக மாற்றி 2014-இல் மறுபிரதிஷ்டை செய்தார்கள். ப்ரோவோவை 2024 பிப்ரவரியில் மூடி, இடித்து, அதே இடத்தில் வேறு வடிவில் எழுப்புகிறார்கள். நடுவில் ஊசிபோல் கோபுரம் நின்ற அந்த எழுபதுகளின் வடிவத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஐம்பத்திரண்டு ஆண்டு நன்றாக உழைத்த கட்டடத்தை ரசனை மாறியதற்காகத் தரைமட்டமாக்குவதா என்ற கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை.

கோபுர உயரச் சண்டைகள் செலவோடு சம்பந்தப்பட்டவையா?

நேரடியாக இல்லை, ஆனால் ஒரே மனப்போக்கு. டெக்சஸின் ஃபேர்வியூவில் குடியிருப்புப் பகுதிக்கு உயர வரம்பு 35 அடி. சபை கேட்டது சுமார் 174 அடிக் கோபுரம். ஊர்மன்றம் 2024 ஆகஸ்டில் மறுத்தது. வழக்குத் தொடுப்போம் என்று சபை நோட்டீஸ் அனுப்பியது. சமரசப் பேச்சில் 120 அடிக்கு இறங்கி, 2025 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. சபையின் ஆயுதம் 2000-ஆம் ஆண்டின் சமயச் சொத்துரிமை மத்தியச் சட்டம்: நிலப் பயன்பாட்டு விதி வழிபாட்டுக்குப் பெருஞ்சுமையானால் செல்லாது. சிறிய ஊர் தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவையும் சுமக்க நேரிடும் என்பதால் பல மன்றங்கள் பாதியிலேயே இறங்கிவிடுகின்றன.

உயரம் எங்கள் விசுவாசம் என்ற வாதத்துக்கு எதிராக ஹவாயின் லாயி, ஆல்பெர்டாவின் கார்ட்ஸ்டன், அரிசோனாவின் மேசா, 2017-இல் வந்த பாரிஸ் ஆகிய ஆலயங்கள் நிற்கின்றன. நான்கிலும் கோபுரமே இல்லை.

வரிவிலக்கு உண்டா?

அமெரிக்காவில் உண்டு. பிரிட்டனில் கதை வேறு. லங்காஷயரின் சோர்லியில் உள்ள பிரஸ்டன் ஆலயத்துக்கு முழு விலக்கு கேட்டுச் சபை வழக்காடியது. பொதுமக்களுக்குத் திறக்காத இடம் பொது வழிபாட்டுத்தலம் ஆகாது என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்றப் பிரபுக்கள் சபை 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே வளாகத்தின் கூடுகைக் கட்டடத்துக்கு விலக்கு உண்டு. அறக்கட்டளை என்ற வகையில் ஆலயத்துக்கும் 80 விழுக்காடு தள்ளுபடி கிடைப்பதால் பாகுபாடு இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2014 மார்ச்சில் சொல்லிவிட்டது.

சிட்டி கிரீக் வணிக வளாகமும் ஆலயச் செலவில் சேருமா?

சேராது. 2012-இல் சால்ட் லேக் ஆலயத்துக்கு எதிரே திறந்த அந்த வளாகத்துக்கு 150 கோடி அளவு ஆனது என்பார்கள். தசமபாகத்தைத் தொடமாட்டோம் என்று ஹிங்க்லி 2003-இல் உறுதி கூறியிருந்தார். தசமபாகத்தின் முதலீட்டு வருவாய் போனதே என்று முன்னாள் உறுப்பினர் ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் 2021-இல் 50 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். முதலில் தோற்று, 2023-இல் மேல்முறையீட்டில் ஒரு சுற்று வென்று, 2025 ஜனவரியில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வில் ஒருமனதாகத் தோற்றார். சேமிப்பின் வருவாய் என்று ஹிங்க்லி அப்போதே விளக்கியிருந்தார், பொய் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்த வழக்கை ஆலயச் செலவுக்குச் சான்றாகக் காட்டுவோர் இரண்டையும் கலக்கிறார்கள்.

ஆலயம் பெருகுவதால் உறுப்பினருக்கு உண்மையில் பயன் உண்டா?

யூட்டாவில் சற்றே. வெளியே நிறைய. காங்கோவின் கின்ஷாசாவில் 2019-இல் ஆலயம் வரும்வரை அங்கிருந்தவர்கள் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும். பிரேசிலின் மனாஸ் மக்கள் 2012 வரை படகிலும் பேருந்திலுமாகப் பல நாள் பயணம் போனார்கள். அதற்காகப் பொருளை விற்றவர்கள் உண்டு. இந்தியாவில் ஆலயம் இல்லாததால் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள உறுப்பினர் கடல் கடந்துதான் போக வேண்டியிருந்தது. பெங்களூரு ஆலயம் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2020 டிசம்பரில் வேலை தொடங்கியது. இவர்களிடம் போய் ஆலயம் ஆடம்பரம் என்று சொன்னால் எடுபடாது.

ஒரு செலவுத் தொகை கண்ணில் பட்டால் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் அது கட்டட அனுமதியில் உள்ள மதிப்பா என்று பாருங்கள். அமெரிக்க நகர, மாவட்டத் திட்ட அலுவலகங்களில் மனு, வரைபடம், மன்றக் கூட்டப் பதிவு எல்லாம் பொது ஆவணம். ஆனால் அனுமதிக் கட்டணம் கணக்கிடுவதற்காக எழுதும் மதிப்பில் நிலவிலை, வடிவமைப்புக் கட்டணம், தளவாடம், ஓவியம், பெரும்பாலும் தோட்டமும் சேராது. அதையே மொத்தச் செலவென்று போட்டால் குறைவாகவே காட்டும்.

இரண்டாவது, நாட்டைப் பாருங்கள். பிரிட்டனில் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் சபையின் பெயரைத் தேடினால் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு கிடைக்கும்; நிலையான சொத்துகள் பற்றிய குறிப்பில் அந்த ஆண்டு கட்டடத்துக்குச் சேர்ந்த தொகையைப் படிக்கலாம். கனடாவிலும் ஆண்டு அறிக்கை கட்டாயம். அமெரிக்காவில் தேவாலயங்களுக்கு வருமானவரித் துறையின் ஆண்டுத் தகவல் படிவத்திலிருந்து விலக்கு; அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, என்சைன் பீக் எஸ்இசியிடம் தரும் 13எஃப் என்ற காலாண்டு அறிக்கை. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வரும். அதில் இருப்பது அமெரிக்கச் சந்தையில் வர்த்தகமாகும் பங்குகள் மட்டும். நிலம், கடன்பத்திரம், ரொக்கம், வெளிநாட்டுச் சொத்து இல்லை. அதைச் "சபையின் மொத்தச் சொத்து" என்று எழுதும் செய்தியை ஒதுக்கலாம். கடைசியாக, ஒரு ஆலயத்தின் விலையை 382-ஆல் பெருக்கிய எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள்.

புதிய தலைமை வந்த பிறகு கட்டுமானம் குறைகிறதா?

அறிவிப்பு குறைந்திருக்கிறது. நெல்சன் இறந்த அடுத்த வாரம் நடந்த 2025 அக்டோபர் மாநாட்டில், திட்டமிடலின் தொடக்கத்திலேயே ஏராளமான ஆலயங்கள் நிற்பதால் புதிய அறிவிப்புகளை மெதுவாக்குவது தகும் என்று டாலின் எச். ஓக்ஸ் சொன்னார், அந்த மாநாட்டில் ஒன்றுகூட அறிவிக்கவில்லை. அக்டோபர் 14 அன்று அவர் தலைவரானார். செலவு உடனே குறையாது, ஏற்கெனவே வரிசையில் இருப்பவற்றைக் கட்டவே பல ஆண்டு பிடிக்கும். வரிசையில் இருப்பவை எல்லாம் எழும் என்றும் இல்லை: பெங்களூரோடு சேர்த்து 2018 ஏப்ரலில் அறிவித்த ரஷ்ய ஆலயத்துக்கு ஏழு ஆண்டு கழித்தும் எந்த நகரம் என்றுகூடச் சபை சொல்லவில்லை.